குழந்தைச் சட்டையில் ஒரு குன்று

போன வாரம் என் மகள் செல்வி சாப்பாட்டு மேசை முழுக்கப் பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை அவள். ஈசூனில் எங்கள் வீடும் சின்னது, மேசையும் சின்னது. மைலோ பானம் கலக்கிய கப்பை வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு தாளின் ஓரத்தில் வைத்தேன். எடுத்தபோது அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம்.

"அம்மா, அங்க புதுசா ஒரு மலை போட்டுட்டீங்க லா," என்றாள். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, அவள் அப்பாவைப் போல.

அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தேன். என் மைலோ வட்டத்தைப் போலவே தாள் முழுக்கப் பழுப்புக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே படம், ஒரே கேள்வி: குறியிட்ட இடம் மலையா, பள்ளமா? பாதிப் பேர் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று செல்வி அலுத்துக்கொண்டாள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வியைத் தாளில் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பாதிப் பேரோடு நானும் சேர்த்தி என்று அப்போதே மனசு சொன்னது.

ஈரத்துணியால் வட்டத்தைத் துடைத்தேன். நனைந்த காகிதத்திலிருந்து லேசாக ஒரு கஞ்சி வாடை வந்தது. காகிதத்தில் கஞ்சி வாடை எப்படி வரும் என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினெட்டு வயதில் நான் ஒரு நில அளவைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கூட்டுவது, துடைப்பது, தேநீர் போடுவது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடி. கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே பத்துப் பேரும் தும்முவார்கள். படம் வரைபவர்கள் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தும்மி முடித்து, பிறகு கோட்டைத் தொடர்வார்கள். தும்மலில் ஒரு கோடு பிசகினால் ஊரில் ஒரு ஓடை பிசகிவிடும் என்று சொல்வார்கள். நான் அதை நம்பினேன்.

முதலாளியைத் தவுக்கே என்றுதான் எல்லோரும் சொல்வோம். சீனர். கெட்டவர் இல்லை, குரல்தான் பெரிது. நான் திரைக்குப் பின்னால் தேநீர் கலக்கி, மேசையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிடுவேன். சேர்ந்து ஆறு மாதம் வரை அவர் என்னை ஊமை என்று நினைத்திருந்தாராம். ஒரு நாள் நான் தும்மியபோதுதான் குரல் இருக்கிறது என்று தெரிந்ததாம். இதைச் சொல்லிச் சொல்லி மாடியே சிரித்தது.

அங்கே டிரேசிங் துணி என்று ஒன்று இருந்தது. செல்விக்கே அது தெரியவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்காது. லேசான நீலத்தில், பளபளவென்று, விறைப்பாக இருக்கும். தொட்டால் காகிதம் என்றே நினைப்பீர்கள். ஆனால் அது துணி. மிக நைசான பருத்தித் துணிக்குக் கஞ்சியேற்றி, தேய்த்துத் தேய்த்துக் காகிதம் போல ஆக்கியிருப்பார்கள். அதன்மேல் மையால் படம் வரைவார்கள். கோடு பிசகியது, பழசாகிப்போனது எல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் பிரம்புக் கூடைக்குப் போகும். கூடையில் விழுந்தது கூட்டுகிறவளுக்கு. எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம் இது. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த மலாய்க்கார அம்மா சொல்லிவிட்டுப் போனது.

வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறவைத்தால் தண்ணீர் பாலாகிவிடும். அந்த வாடையைத்தான் சொன்னேன். சோப்புப் போட்டுக் கசக்கினால் மையும் முக்கால்வாசி போய்விடும். காய்ந்ததும் கையில் இருப்பது மல்லுத் துணி; கடையில் வாங்கப் போனால் நாங்கள் விலை கேட்கக்கூட வெட்கப்படுகிற துணி. கைக்குட்டை தைப்போம், பிள்ளைகளுக்குச் சட்டை தைப்போம். எங்கள் வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகள் நாலைந்து பேர் யாரோ ஒருவருடைய நிலத்தை உடம்பில் போர்த்திக்கொண்டுதான் வளர்ந்தார்கள்.

அக்காளுக்கு அப்போது குமார் பிறந்து நாலு மாதம். வெயில் காலம். முதுகெல்லாம் வேர்க்குரு, எந்தத் துணி போட்டாலும் அழுகை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது, தம்பையா ஐயாவின் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக்கொண்டு வந்தேன். கூடையில் இருந்து எடுத்தேன். அல்லது கூடையில் சாய்ந்து நின்றதை எடுத்தேன். இந்த இரண்டில் எது என்று அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குனிந்தது நினைவிருக்கிறது, சுருள் கையில் இருந்தது நினைவிருக்கிறது. நடுவில் உள்ளது இல்லை.

தம்பையா ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைமைப் பட வரைவாளர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், மனைவி இல்லை. காதில் எப்போதும் ஒரு பென்சில். காதில் இருப்பதை மறந்து இன்னொன்றையும் செருகிக்கொள்வார். புதிதாக வந்தவர்களுக்கு அவர் பாடம் சொல்வதைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறேன். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு. உள்ளே போகப் போக எண் கூடினால் மலை, குறைந்தால் பள்ளம். எனக்கு அது பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. பொருள்தான் ஏறவில்லை. தட்டையான துணியில் உயரம் எங்கிருந்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை அக்காள் சட்டை தைத்தாள். குமார் அழவில்லை. அன்று முழுக்கத் தூங்கினான். கறுப்பு மை நன்றாகப் போயிருந்தது, ஆனால் பழுப்பு மை முழுசாகப் போகவில்லை. அவன் முதுகில் மங்கலாக வட்டங்கள் இருந்தன. அக்காளுக்கு அது பூப்போட்டதுபோல அழகாகத் தெரிந்தது. விளிம்பெல்லாம் குட்டிக் குட்டித் தையல் வேறு போட்டாள்.

புதன்கிழமை மாடியில் தாளைக் காணோம் என்று பேச்சு வந்தது. கிழக்கே கடல் பக்கம் ஒரு குன்று. மூன்று மாதம் ஆட்கள் லாலான் புல்லுக்குள் அளவுகோலை நட்டு அளந்தது. சாயங்காலம் திரும்பும் அவர்களுடைய கால்சட்டையிலிருந்து புல் விதை உதிர்ந்து, அதைக் கூட்டியே எனக்கு இடுப்பு ஒடிந்திருக்கிறது. அந்தக் குன்றின் படம்தான் காணோம். குறிப்புப் புத்தகத்தை வைத்து மறுபடி வரைய ஒரு மாதம் பிடிக்கும்; படத்தைக் கேட்டவர்களோ வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பொறுப்பு தம்பையா ஐயாவுடையது. வெள்ளிக்கிழமைக்குள் தாள் மேசைக்கு வராவிட்டால் சனிக்கிழமை அவர் வேலைக்கு வரவேண்டாம் என்று தவுக்கே சொல்லிவிட்டார். அது சீனமும் மலாயும் கலந்து மாடிப்படி வரை கேட்டது.

என் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. அதை அவர் மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சத்தமில்லாமல் திரும்பினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் குமாரை மடியில் குப்புறப் போட்டு முதுகைப் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். தாள் மலையினுடையது. என்னிடம் இருப்பது பள்ளமாக இருந்துவிட்டால் நான் தப்பித்தேன். வெளி வட்டத்தில் ஒரு எட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது, எண்பதாக இருக்கவேண்டும். உள் வட்டத்தில் ஒரே ஒரு எண்தான் மிச்சம். பக்கத்தில் இருந்த பூஜ்யங்கள் சோப்பில் போயிருந்தன. அந்த எண் ஆறா, ஒன்பதா? கழுத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்பது, மலை. கால் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆறு, பள்ளம். எட்டோ, எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டாகவே இருந்தது. அக்காள் துணியைத் தன் வசதிக்கு வெட்டியிருந்தாள். வடக்கு எது தெற்கு எது என்று யாருக்குத் தெரியும்? பிள்ளையைத் திருப்பினேன், நான் திரும்பினேன், விளக்கடியில் கொண்டுபோனேன்.

"ஏன்டி புள்ளைய இப்புடிப் புரட்டிப் புரட்டிப் போடுற? மாவா பெசையிற?" என்று அக்காள் கேட்டாள்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டுவிடுவாள், எனக்கு வேலை போய்விடும் என்கிற பயத்தில். அக்காளைத் தப்பு சொல்லமாட்டேன். அப்போது எங்கள் வீட்டில் ஒழுங்கான வேலை என்று இருந்தது என்னுடையது மட்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சட்டையையும் வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு தம்பையா ஐயாவின் மேசைமுன் நின்றேன். அவர் சாப்பிடப் போகவில்லை, அலமாரியை ஐந்தாவது தடவையாகக் கலைத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மேசையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். குழந்தைச் சட்டை. முதலில் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு முதுகைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது இப்போதுதான் உறைக்கிறது. சட்டையை வரைபலகையில் விரித்தார். நாலு மூலையிலும் ஈயக் குண்டு வைத்தார், சட்டைக் கைகள் இரண்டிலும் ஒவ்வொன்று. துண்டுகளை எடுத்துச் சுற்றிலும் பொருத்திப் பார்த்தார். பூதக்கண்ணாடியால் பார்த்தார். மெல்லிய தாள் ஒன்றை மேலே போட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு கோட்டின்மேல் ஓட்டினார். இரண்டு விரல் நீளம் போயிருக்கும். கோடு தையலில் முட்டி நின்றுவிட்டது. இன்னொரு கோடு பிடித்தார். அதுவும் நின்றது. பென்சிலைக் கீழே வைத்தார். கீழே கடையில் யாரோ சாக்கு உதறும் சத்தம் கேட்டது.

"ஆர் தைச்சது?" என்று கேட்டார்.

அக்கா என்றேன். அந்த மாடியில் யாரிடமும் நான் சொன்ன முதல் உருப்படியான சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

"நல்ல கை." சட்டையை மடித்தார். அவர்கள் படம் மடிப்பார்களே, ஓரத்துக்கு ஓரம் மயிரிழை பிசகாமல், அப்படி. "இது மலை இல்லைப் பிள்ளை. பள்ளம். கல்லு உடைச்ச பள்ளம், பழைய தாள். நாங்கள் தேடுறது இது இல்லை. நீர் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். வீணாக் குழம்புவினம்."

பொட்டலத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. அன்று மாலை அக்காள் வைத்த சம்பல் கருவாட்டோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அவர் நாற்காலி காலி. ஈப்போவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மேசையைத் துடைக்கும்போது, இவ்வளவு படித்த மனிதர் ஒரு தாளைக் கவனமாக வைத்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அப்படித்தான் நினைத்தேன். பரிதாபப்பட்டேன், அவர் கவனக்குறைவுக்காக.

குன்றை வேறொருவர் மறுபடி வரைந்தார். அதற்குப் பிறகு அந்தக் குன்றையே வெட்டினார்கள். மண்ணைக் கொண்டுபோய்க் கடலை நிரப்பினார்கள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, வேலையை விட்டேன். சட்டையைக் குமாருக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டது, அதற்குப் பிறகு இன்னொன்று. கடைசியில் விளக்குத் துடைக்கிற துணியாகிப் போனது.

இதெல்லாம் செல்வியிடம் நான் சொன்னது இப்போதுதான், அந்த மைலோ வட்டத்தால். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுடைய அம்மா இவ்வளவு நேரம் பேசி அவள் பார்த்ததில்லை.

"பள்ளம்னா கோட்டுக்கு உள்பக்கம் குட்டிக் குட்டியா பல்லு மாதிரி போட்டிருக்கும்மா. அந்தச் சட்டையில பல்லு இருந்துச்சா?"

இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, குட்டிக் குட்டிப் பல். ஆனால் அது மையில் இருந்ததா, அக்காள் விளிம்பில் போட்ட தையலா? வெள்ளை நூல் என்றால் தையல். பழுப்பு என்றால் பள்ளம். கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு தடவை வெள்ளையாகத் தெரிந்தது, ஒரு தடவை பழுப்பாகத் தெரிந்தது. அக்காள் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

சுவா சூ காங்கில் இருக்கும் குமாருக்குப் போன் போட்டேன். அவனுக்கே இப்போது பேரன் இருக்கிறான். "சின்னம்மா, என் முதுகை நான் எப்பப் பாத்தேன்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

செல்வி தன் போனில் எதையோ தேடி, ஒரு பழைய வரைபடத்தை எடுத்தாள். கிழக்குப் பக்கம், கடலோரம். விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். அந்தக் குன்று இருந்தது. வட்டத்துக்குள் வட்டம், எண்கள் கூடிக்கொண்டே போயின. அப்புறம் அவள் இன்னும் இழுத்தாள். குன்றின் இடுப்பருகே இன்னொரு சின்ன வட்டம், உள்பக்கம் பல்லோடு. கல்லுடைத்த பள்ளம்.

"ரெண்டும் இருக்கும்மா," என்றாள்.

அப்படியானால் ஐயா சொன்னது சரி. பள்ளம் ஒன்று உண்மையிலேயே இருந்திருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு பழைய தாள் இருந்திருக்கலாம். அல்லது ஒரே தாளில் மலையும் பள்ளமும் இருந்து, முதுகில் விழுந்தது பள்ளமும் சட்டைக் கையில் விழுந்தது மலையுமாக இருக்கலாம். செல்வி நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல எனக்கும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். தலையாட்டினேன், புரிந்ததுபோல. பிறகு அவள் ஒன்று கேட்டாள், மெதுவாக:

"அம்மா, வேண்டாத பழைய தாளுன்னா, அவரு ஏன் பென்சில் வச்சுக் காப்பி எடுத்துப் பாத்தாரு?"

எழுந்து போய்க் கப்பைக் கழுவினேன். கழுவின கப்பையே மறுபடியும் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். நானாக இங்கே போகலாம் அங்கே போகலாம் என்று கேட்கிறவள் இல்லை, அதனால் செல்வி ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிட்டாள். முதலில் சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். ரயில் நிலையத்தில் ஏ, பி என்று எழுத்துப் போட்ட வாசல்களில் எதில் ஏறி வெளியே வருவது என்று எனக்கு எப்போதும் குழப்பம், அன்றும் தப்பான வாசலில்தான் ஏறினேன். சந்து இருக்கிறது. மாடியும் இருக்கிறது, ஊதா நிறம் அடித்து. சுற்றுலா வருகிற பிள்ளைகள் தங்கும் அடுக்குக் கட்டில் விடுதியாம். மளிகைக் கடை இருந்த இடத்தில் போன் கடை. வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். தும்மல் வரவில்லை. தம்பையா ஐயா பெயரைச் சொல்லிக் கேட்க அந்தத் தெருவில் ஒரு ஆள் கூட இல்லை. இருந்தால் அவருக்கு இப்போது நூற்றுப் பத்து வயது.

அங்கிருந்து கிழக்கே போனோம். செல்வி பழைய வரைபடத்தையும் இப்போதைய வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தாள். நாங்கள் நடக்க நடக்க அதில் ஒரு நீலப் பொட்டு கூடவே வந்தது. அது நீங்கதான் என்றாள். பஸ் நிறுத்தம், காப்பிக் கடை, அடுக்குமாடி புளோக்குகள், நடுவில் ஒரு பூப்பந்துத் திடல். திடலில் இரண்டு சீனப் பெண்கள் துணி உலர்த்துகிற கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வி போனைப் பார்த்துக்கொண்டே என் தோளைப் பிடித்து இரண்டு அடி இடப்பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப நீங்க நிக்கிறதுதாம்மா உச்சி."

கீழே பார்த்தேன். பச்சை வண்ணம் அடித்த சிமெண்டுத் தரை. மூன்று மாதம் ஆட்கள் மூச்சு வாங்கி ஏறின இடம். மழைத் தண்ணீர்கூட எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கங்கே தேங்கி நின்றது.

"ஐயா எங்கிட்ட பொய் சொல்லிட்டாரு போல செல்வி," என்றேன். இதுவரை வாய்விட்டுச் சொல்லாதது. சொன்ன பிறகும் அது சரியா என்று தெரியவில்லை. பள்ளமும் இருந்ததே.

செல்வியுடையது தாள் திருத்துகிற கைதானே, சரியென்றோ தப்பென்றோ ஒரு குறி போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் தவுக்கேயின் அறைக்குப் போய், எடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மலையோ பள்ளமோ, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்குத்தான் குரல் இருந்ததே. தும்மலில் எல்லோரும் கேட்டார்களே.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "போலாமா அம்மா?" என்றாள்.

போகலாம் என்று சொல்லிவிட்டு நின்றேன். உச்சியில் நின்றால் இறங்கத்தானே வேண்டும். எந்தப் பக்கம் இறங்குவது என்று பார்த்தேன். எல்லாப் பக்கமும் தரையாகவே இருந்தது.